இணையப் பக்கத்தில் வேண்டாததை வடிகட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளம்பரம், பின்தொடரும் நிரல், நடுவில் வந்து மறிக்கும் பெட்டி, பார்க்கவே பிடிக்காத தலைப்பு என்று ஒரு பக்கத்தில் நமக்கு வேண்டாதவை நிறைய. அவற்றை நீக்கிவிட்டுப் படிப்பது பற்றி நண்பர்களும் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல வருடமாக இதைச் செய்துவருகிறேன். விளம்பரத் தடுப்பானை நிறுவியதோடு நிற்காமல், எதை நீக்க வேண்டும் என்று அதற்கு நாமே ஒரு வரி எழுதக் கற்றுக்கொண்டால் இணையமே வேறு மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு வரியை எழுத வைப்பதுதான் என் ஆசை.

வடிகட்டும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு முகவரியைத் திறந்தால் முதலில் வருவது பக்கத்தின் எலும்புக்கூடு மட்டும்தான். அதைப் படித்த பிரவுசர், அதில் சொல்லியிருக்கும் படங்கள், எழுத்துருக்கள், நிரல்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. செய்தித்தளம் என்றால் இப்படி நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் போகும். அவற்றில் பல, நீங்கள் திறந்த தளத்துக்கே போவதில்லை. முன்பின் கேள்விப்படாத நிறுவனங்களின் சர்வர்களுக்குப் போகின்றன.

தடுப்பான் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. ஒன்று, அந்தக் கோரிக்கையே போகாமல் நிறுத்துவது. போகவில்லை என்றால் டேட்டா செலவில்லை, உங்களைப் பற்றிய தகவலும் வெளியே போகாது. இன்னொன்று, வந்து சேர்ந்துவிட்ட பகுதியைக் கண்ணில் படாமல் மறைப்பது. இங்கே டேட்டா ஏற்கெனவே செலவாகிவிட்டது, கண்ணுக்கு மட்டும்தான் நிம்மதி. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

இப்படிச் செய்வது தப்பில்லையா?

என் மனசாட்சிப்படி இல்லை. என் கணினியில், என் திரையில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு உண்டு. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய பதிப்பக நிறுவனம் ஆட்பிளாக் பிளஸ் என்ற விளம்பரத் தடுப்பான் மீது போட்ட வழக்கில், ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில், இது நியாயமற்ற வணிகப் போட்டி ஆகாது என்றே தீர்ப்பளித்தது.

பாதுகாப்பு என்ற கோணமும் இருக்கிறது. தேடல் முடிவுகளில் பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரம் வைத்து மோசடி செய்கிறார்கள், தேடும்போது விளம்பரத் தடுப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது. என் அப்பா ஒரு படிவத்தை இறக்கப் போய், பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக இருந்த ‘டவுன்லோட்’ பட்டனை அழுத்திவிட்டார். அது விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கணினியைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கணினி வந்தாலும் முதல் வேலையாகத் தடுப்பானைப் போட்டுவிடுகிறேன்.

அதே சமயம், விளம்பர வருமானத்தில்தான் பல நல்ல தளங்கள் நடக்கின்றன என்பதும் உண்மை. நான் மதிக்கும் தளங்களுக்குச் சந்தா கட்டுகிறேன். சந்தா இல்லாத தளம், விளம்பரமும் அடக்கமாக இருக்கிறது என்றால் அங்கே தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

எந்தத் தடுப்பானைப் போடுவது?

யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கியது, இலவசம், மூல நிரல் திறந்தது. நன்கொடைகூட வாங்குவதில்லை. பெயரை முழுதாகப் பார்த்து நிறுவுங்கள். ‘ஆரிஜின்’ இல்லாமல் வெறும் ‘யூபிளாக்’ என்று இருப்பது வேறு கைக்குப் போய்விட்ட இன்னொன்று.

பெயரை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்த வகை நீட்சிகள் (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்கள்) நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. வடிகட்ட அது தேவைதான். ஆனால் தப்பானவர் கையில் அதே அனுமதி கள்ளச்சாவி ஆகிவிடும். நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்று இரண்டு நீட்சிகள் இருந்தன. 2020-இல் அவற்றை எழுதியவர் வேறு ஆட்களுக்கு விற்றார். வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே தீங்கான நிரலைச் சேர்த்துவிட்டார்கள். பயன்படுத்தியவர்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை, வழக்கமான அப்டேட் போலவே அது இறங்கியது. அதனால் புதிதாக எதையாவது நிறுவும் முன் அதை எழுதியவர் யார், எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று பாருங்கள்.

அப்புறம், ஒன்று போதும். இரண்டு தடுப்பானை ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது. ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும், எது எதைத் தடுத்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

குரோமில் யூபிளாக் ஆரிஜின் திடீரென்று காணாமல் போய்விட்டதே?

குரோம் தன் நீட்சிகளுக்கான விதிமுறையை மாற்றிவிட்டது. புதிய விதிமுறையின் பெயர் மேனிஃபெஸ்ட் வி3. முன்பெல்லாம் ஒவ்வொரு கோரிக்கை போகும்போதும் நீட்சியே பார்த்து ‘இது போகலாம், இது வேண்டாம்’ என்று முடிவெடுக்கும். இப்போது நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், முடிவெடுப்பது பிரவுசர். விதிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. 2024-இல் பழைய வகை நீட்சிகளை அணைக்கத் தொடங்கி, 2025-இல் முடித்துவிட்டார்கள்.

குரோமிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கிறது. சாதாரண விளம்பரங்களுக்கு அது போதும். ஆனால் வெளியிலிருந்து விருப்பமான பட்டியல்களைச் சேர்க்க முடியாது, உள்ளே இருக்கும் பட்டியல்களும் நீட்சி புதுப்பிக்கப்படும்போதுதான் புதுப்பிக்கப்படுகின்றன. முழு வசதி வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸுக்கு வாருங்கள். அங்கே பழைய முறை இன்னும் வேலை செய்கிறது. நான் மாறிய அன்று கொஞ்சம் தடுமாறினேன், ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

பட்டியல்கள் என்கிறார்களே, அது என்ன? எல்லாவற்றையும் டிக் செய்துவிடலாமா?

தடுப்பானுக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. எது விளம்பரம் என்று சொல்வது பட்டியல்தான். அவற்றில் முதன்மையானது ஈஸிலிஸ்ட். ரிக் பெட்னெல் என்பவர் 2005-இல் தொடங்கினார். அவர் 2009-இல் இறந்த பிறகு மற்றவர்கள் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள், இன்றும் நடக்கிறது. பின்தொடரும் நிரல்களுக்கு ஈஸிபிரைவசி என்று தனியாக உண்டு. பல்லாயிரம் வரிகள், அவற்றை மனிதர்கள் கையால் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது. நாம் ஒரு பக்கத்தில் பிழையைப் பார்த்துத் தெரிவித்தால் உலகம் முழுக்க அது சரியாகிறது.

எல்லாவற்றையும் டிக் செய்யாதீர்கள். இயல்பாக வருபவை போதும். அவற்றோடு ‘தொல்லைகள்’ வகையில் ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்த்தால் பக்கங்கள் உடையத் தொடங்கும், காரணமும் பிடிபடாது.

அந்த வரிகளைப் பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருக்கிறது. படிக்க முடியுமா?

முடியும். நான்கு குறிகள் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உண்மையான வரிகளில் தளப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

||விளம்பரம்.உதாரணம்^

முன்னால் இரண்டு செங்குத்துக் கோடு இருந்தால் ‘இந்த டொமைனும் (தளப் பெயரும்) இதன் கிளைகளும்’ என்று பொருள். கடைசியில் உள்ள தொப்பிக்குறி, பெயர் அங்கே முடிகிறது என்று சொல்கிறது. அது இல்லாவிட்டால் அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு பெயர்களும் மாட்டிக்கொள்ளும். மொத்தத்தில் அந்த டொமைனுக்குப் போகும் கோரிக்கையை நிறுத்து என்கிறது இந்த வரி.

@@||விளம்பரம்.உதாரணம்^

முன்னால் இரண்டு அட் குறி வந்தால் விதிவிலக்கு. வேறு வரி தடுத்திருந்தாலும் இதை விட்டுவிடு என்று அர்த்தம்.

செய்தி.உதாரணம்##.பக்கப்பெட்டி

நடுவில் இரண்டு ஹாஷ் வந்தால் அது மறைக்கும் வரி. அந்தத் தளத்தில் மட்டும், ‘பக்கப்பெட்டி’ என்று வகைப்பெயர் உள்ள பகுதிகளைக் காட்டாதே என்கிறது. முதல் பதிலில் சொன்ன இரண்டு வேலைகளும் இந்தக் குறிகளிலேயே தெரிகின்றன பாருங்கள்: கோடு இருந்தால் நிறுத்துவது, ஹாஷ் இருந்தால் மறைப்பது.

ஒரே ஒரு பெட்டி மட்டும் உறுத்துகிறது. அதை எப்படி நீக்குவது?

இதற்கு எதையும் எழுதவே வேண்டாம். நான் தினமும் படிக்கும் செய்தித்தளம் ஒன்றில், கட்டுரையைக் கீழே உருட்டும்போதெல்லாம் வலது ஓரத்தில் ஒரு வீடியோ பெட்டி ஒட்டிக்கொண்டே வரும். மூடினால் அடுத்த பக்கத்தில் மறுபடி வரும். இப்படித்தான் நீக்கினேன்.

தடுப்பானின் ஐகானை அழுத்தினால் வரும் சிறு பலகையில், கண்மருந்து சொட்டுக்குழல் போல ஒரு படம் இருக்கும். அதை அழுத்தியதும் பக்கம் மங்கும், சுட்டியை எங்கே கொண்டுபோனாலும் அந்தப் பகுதி நிறம் மாறிக் காட்டும். வீடியோ மேல் வைத்து அழுத்தினேன். முதல் தடவை வீடியோ மட்டும் பிடிபட்டது, சுற்றியிருந்த வெள்ளைச் சட்டம் அப்படியே நின்றது. வலது கீழ் மூலையில் திறந்த சிறு சாளரத்தில் நகர்த்துபட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளினால் பிடி ஒரு படி வெளியே விரியும். இரண்டு படி தள்ளியதும் சட்டமும் சேர்ந்து நிறம் மாறியது. மூன்றாவது படியில் கட்டுரையும் சேர்ந்து மாட்டியது, உடனே பின்வாங்கினேன். முன்னோட்டம் பார்த்தேன், பெட்டி இல்லை, எழுத்து ஒழுங்காக இருந்தது. உருவாக்கு என்று கொடுத்தேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் பார்க்கவே இல்லை.

முன்னோட்டம் பார்க்காமல் உருவாக்காதீர்கள். இந்த முறை மட்டும் மறைத்தால் போதும் என்றால் பக்கத்திலேயே மின்னல் ஐகான் உண்டு. பக்கத்தை மறுபடி திறந்தால் அது நீக்கியது திரும்பி வந்துவிடும்.

விளம்பரம் இல்லை, ஒரு குறிப்பிட்ட விஷயம் பற்றிய செய்தியே கண்ணில் படக் கூடாது. முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வசதியே இதுதான். ஆனால் தமிழில் செய்யும்போது ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல்கள் வருகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யூபிளாக் ஆரிஜினில் ‘ஹேஸ்-டெக்ஸ்ட்’ (has-text) என்று ஒரு கட்டளை இருக்கிறது. ‘இந்தப் பெட்டிக்குள் இந்த எழுத்து வந்தால் பெட்டியையே மறை’ என்பது அதன் வேலை. தடுப்பானின் ‘என் வடிகட்டிகள்’ தாவலில் எழுதும் மறைக்கும் வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைத்து, கட்டளையை ஆங்கில எழுத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் நமக்கு வேண்டாத சொல்லைக் கொடுக்க வேண்டும்.

சரி, படச் செய்திகள் எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். ‘படம்’ என்று கொடுத்தால் ‘புதிய படம்’ என்ற தலைப்பு மறையும். ‘படத்தின் வசூல்’ மறையாது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் மகர மெய் போய்விட்டது. ‘படங்கள்’ என்பதும் தப்பிவிடும். சரி, வேரை மட்டும் கொடுப்போம் என்று ‘பட’ என்று போட்டால் அது இன்னும் மோசம். கணினி ‘டி’ என்பதை ஒரே எழுத்தாகப் பார்ப்பதில்லை. ‘ட’ என்ற எழுத்தும் அதை அடுத்து ஒரு இகரக் குறியும் என்றுதான் சேமிக்கிறது. அதனால் அதன் கண்ணில் ‘படி’, ‘படை’, ‘படு’ எல்லாவற்றுக்குள்ளும் ‘பட’ இருக்கிறது. ‘படகு’, ‘படிப்பு’ எல்லாம் போய்விடும். முதல் முறை இப்படிப் போட்டபோது முகப்புப் பக்கம் ஏறக்குறைய காலியாகிவிட்டது, தளம் செயலிழந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சரியான வழி, சொல் எடுக்கும் வடிவங்களைப் பட்டியலிடுவது:

/படம்|படத்த|படங்க/

இரண்டு பக்கமும் சாய்கோடு வைத்தால் உள்ளே இருப்பது ஒரு வாய்பாடு என்று பொருள். நடுவில் உள்ள கோடு ‘அல்லது’. ‘படத்த’ என்பது படத்தை, படத்தில், படத்துக்கு, படத்தோடு எல்லாவற்றையும் பிடிக்கும். ‘படங்க’ பன்மையைப் பிடிக்கும். மகர மெய்யில் முடியும் பெயர்ச்சொற்கள் பலவற்றுக்கு இந்த மூன்று வடிவம் போதும். ‘கிரிக்கெட்’ போன்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘கிரிக்கெட்டில்’ என்று எழுதினாலும் மூலச்சொல் உள்ளே முழுதாக இருக்கிறது. ஆனால் ‘புகைப்படம்’, ‘வரைபடம்’ என்ற சொற்களும் மேலே உள்ள வாய்பாட்டில் மாட்டும். அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகர, ஓகாரம் வரும் சொல் ஒரு தளத்தில் மட்டும் பிடிபட மறுத்தால், சொல்லை நீங்கள் தட்டச்சு செய்யாமல் அந்தத் தளத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

குக்கீ அறிவிப்புப் பெட்டியை மறைத்துவிட்டால் மறுத்ததாக ஆகுமா?

ஆகாது. மறைப்பது வேறு, மறுப்பது வேறு. பெட்டி கண்ணில் படவில்லை என்பதால் தளத்துக்கு நீங்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை. ஒழுங்கான தளம் பதில் வரும்வரை காத்திருக்கும். மற்ற தளங்களுக்கு, பின்தொடரும் நிரல்களையே நிறுத்தும் ஈஸிபிரைவசி போன்ற பட்டியல்தான் மருந்து. சில இடங்களில் பெட்டியை மறைத்த பிறகு பக்கத்தை உருட்டவே முடியாமல் போகும். அங்கே பெட்டியைத் திரும்ப வரவழைத்து, மறுக்கும் பட்டனை அழுத்திவிட்டுப் போவதுதான் சுலபம்.

ஒரு பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. தடுப்பானால்தானா?

தடுப்பானின் பலகையில் பெரிய பவர் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும். பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். இப்போது சரியாக வந்தால் தடுப்பான்தான் காரணம், வராவிட்டால் தளத்திலேயே கோளாறு. பணம் கட்டும் பக்கங்களிலும் விண்ணப்பம் நிரப்பும் பக்கங்களிலும் நான் முதலிலேயே அணைத்துவிடுகிறேன், பாதியில் நின்றால் தலைவலி. இன்னும் நுணுக்கமாகத் தேட வேண்டுமென்றால் பதிவேட்டைத் திறந்தால் எந்தக் கோரிக்கை எந்த வரியால் நின்றது என்று வரிசையாகக் காட்டும்.

‘தடுப்பானை நிறுத்தினால்தான் படிக்கலாம்’ என்கிறது ஒரு தளம்.

முதலில் பட்டியல்களைப் புதுப்பித்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். அப்படியும் கேட்டால் நிறுத்திப் படியுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் படியுங்கள்.

போனில் எப்படி?

ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் போட்டால் கணினியில் உள்ள அதே யூபிளாக் ஆரிஜினை நிறுவலாம். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளே கிடையாது. ஐபோனில் 2015-இல் வந்த ஐஓஎஸ் 9 முதல் சஃபாரிக்குத் தடுப்பான் செயலிகள் சேர்க்க முடிகிறது. நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புகளில் சஃபாரி பகுதிக்குப் போய் அதை இயக்கவும் வேண்டும். இதை மறந்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

பலர் கவனிக்காத ஒன்று: சமூக ஊடகச் செயலியில் வரும் இணைப்பைத் தொட்டால், பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். ஃபயர்பாக்ஸில் நீங்கள் போட்ட தடுப்பான் அங்கே எட்டாது. இணைப்பை வெளி பிரவுசரில் திறக்கும்படி செயலியின் அமைப்பை மாற்றுங்கள்.

டிஎன்எஸ் மூலம் தடுத்தால் வீடு முழுக்கப் போதும் என்கிறார்களே?

பாதி உண்மை. டிஎன்எஸ் என்பது தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. விளம்பர டொமைன்களுக்கு முகவரி தர மறுத்தால் அவை வரவே முடியாது. ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பில் ஒரு பெயரைக் கொடுத்தாலே போதும். வீட்டு ரவுட்டரோடு ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் பை-ஹோல் மென்பொருளை வைத்தால் டிவிக்கும் சேர்த்து வடிகட்டும். செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களுக்கும் இது பயன்படும்.

ஆனால் டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவது பெயர் மட்டும். விளம்பரமும் உள்ளடக்கமும் ஒரே டொமைனிலிருந்து வந்தால் அதனால் பிரிக்க முடியாது. யூடியூப் விளம்பரங்கள் டிஎன்எஸ் தடுப்பில் நிற்காததற்குக் காரணம் அதுதான். பெட்டியை மறைப்பது, சொல்லை வைத்து வடிகட்டுவது எதையும் அது செய்யாது. எனவே நீட்சிக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், நீட்சியை எடுத்துவிடாதீர்கள்.

குழந்தைகளுக்காக வடிகட்ட வேண்டும்.

இங்கே டிஎன்எஸ்தான் முதல் கருவி, ஏனென்றால் எந்தப் பிரவுசரைத் திறந்தாலும் செல்லும். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 என்ற முகவரி தீங்கு நிரல்களையும் வயது வந்தோருக்கான தளங்களையும் சேர்த்துத் தடுக்கிறது. தேடுபொறியில் பாதுகாப்பான தேடலையும் இயக்குங்கள். ஆனால் பட்டியல்கள் தவறும். 2020 ஏப்ரலில் இந்தச் சேவை தொடங்கியபோது பால்புதுமையினருக்கான தளங்கள் சிலவும் தவறுதலாகத் தடுக்கப்பட்டு, நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. ஏதோ ஒன்று திறக்கவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால், திட்டாமல் உட்கார்ந்து என்னவென்று பாருங்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாது.

எதுவும் நிறுவாமல் படிக்க வழி உண்டா?

வாசிப்பு முறை. முகவரிப் பட்டையில் தாள் போன்ற ஐகானை அழுத்தினால் கட்டுரையும் அதன் படங்களும் மட்டும் நிற்கும். சஃபாரியில் 2010-இலேயே வந்துவிட்டது. நீண்ட கட்டுரைகளை நான் இதில்தான் படிக்கிறேன். ஆனால் முதலில் முழுப் பக்கமும் ஏறிய பிறகுதான் இது வேலை செய்யும், டேட்டா மிச்சமாகாது.

புதுக் கணினி வாங்கினால் என் வரிகள் எல்லாம் போய்விடுமா?

சேமித்து வைக்காவிட்டால் போய்விடும். எனக்கு ஒரு முறை போயிருக்கிறது, மூன்று வருட வரிகள். ‘என் வடிகட்டிகள்’ என்ற தாவலில் ஏற்றுமதி பட்டன் இருக்கிறது. கிடைப்பது வெறும் உரைக்கோப்பு. அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், புதுக் கணினியில் இறக்குமதி செய்தால் எல்லாம் வந்துவிடும்.

அப்படியே ஒரு பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியைத் தடுப்பான் கண்டுகொள்ளாது, அது நமக்கான குறிப்பு. ஒவ்வொரு வடிகட்டிக்கும் மேலே தேதியும் காரணமும் எழுதுகிறேன்: ‘! மார்ச் 12, ஓரத்தில் ஒட்டும் வீடியோ’. ஆறு மாதம் கழித்து அந்தத் தளம் உடைந்தால், எந்த வரியை எடுக்க வேண்டும் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது.